இடம் பண்ணி வைக்கிறவர்கள்

2025 ஜூன் 23, திங்கட்கிழமை. ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் பெரட்டுக்கு ஆட்கள் இறங்கும் முன்னமே, விடிய ஐந்தரைக்கு, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் தொடங்கிவிட்டது. ஒக்லஹோமா சிட்டியில் அது ஞாயிறு இரவு. ஒக்லஹோமா சிட்டி தண்டர் 103, இந்தியானா பேசர்ஸ் 91. ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் 29 புள்ளி, 12 அசிஸ்ட் (மற்றவர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்து). ஜேலன் வில்லியம்ஸ் 20 புள்ளி. செட் ஹோம்கிரன் 18 புள்ளி, ஐந்து பிளொக் (எதிரணி எறிந்த பந்தைத் தடுத்தது).

இதே பெயர்களை வேறு மாதிரியும் வாசிக்கலாம். யார் எந்த வாசலால் உள்ளே வந்தார்? ஒரு வாசல் ட்ராஃப்ட்: வருடம் ஒருமுறை அணிகள் புதிய இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்வது. ஷே வந்தது 2019 இல். போல் ஜோர்ஜ் தன்னை லொஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டபோது, அதற்கு விலையாக ஷே, டனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்று ட்ராஃப்ட் உரிமை, இரண்டு இடமாற்று உரிமை (தெரிவு வரிசையில் அந்த அணியோடு இடம் மாற்றிக்கொள்வது) என்று வாங்கினார்கள். அந்த ஐந்தில் ஒன்றுதான் 2022 இல் 12வது தெரிவாகி ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. ஹோம்கிரன் அதே வருடம் இரண்டாவது தெரிவு. லூ டோர்ட்டை ட்ராஃப்டில் எவருமே எடுக்கவில்லை. கேசன் வொலஸை எடுக்க 12வது தெரிவிலிருந்து 10வதுக்கு ஏற வேண்டியிருந்தது. டலஸ் அணி கழற்றிவிடத் துடித்த டேவிஸ் பெர்டான்ஸின் சம்பளத்தைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டு ஏறினார்கள். 2024 கோடையில் ஜோஷ் கிடியைக் கொடுத்து அலெக்ஸ் கருசோவை ஒன்றுக்கு ஒன்றாக வாங்கினார்கள். அதே கோடையில் ஐசேயா ஹார்ட்டன்ஸ்டைனை மூன்று வருடம், 87 மில்லியன் டொலருக்குக் கூட்டி வந்தார்கள்.

இத்தனையும் செய்தவர் அணிக்கு ஆள் எடுக்கும் முகாமையாளர் சாம் பிரெஸ்டி. 2007 இலிருந்து அதே நாற்காலியில் இருப்பவர். முதல் கிண்ணம் வர 18 வருடம்.

இப்படி அனுபவம் முற்றிய முகாமையாளர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘ஆள் பார்க்கும் கண்’ என்றுதான் தொடங்குவார்கள். கண் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கண் உள்ளவர்கள் முப்பது அணியிலும் இருக்கிறார்கள். நல்ல ஆள் சந்தைக்கு வரும் நாளில் அவரை இருத்த இடம் வைத்திருப்பவர் ஒருவரோ இருவரோதான். சம்பளக் கணக்கில் இடம், 15 பேர் பட்டியலில் இடம், கையில் ட்ராஃப்ட் உரிமை, ஆடுகளத்தில் நிமிடம். இந்த நான்கையும் மூன்று நான்கு வருடத்துக்கு முன்னமே பண்ணி வைப்பதுதான் இந்த உத்தியோகம்.

1996 ஜூன், ஜூலை மாதங்களை நாள் நாளாகப் பிரித்தால் இது விளங்கும். லேக்கர்ஸ் அணியின் முகாமையாளர் ஜெரி வெஸ்ட், தானே பெரிய ஆட்டக்காரராக இருந்தவர். ஒர்லாண்டோவில் ஷகீல் ஓ'நீலின் ஒப்பந்தம் முடிகிறது. ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் போட்ட சம்பள எல்லைக்குள் லேக்கர்ஸிடம் போதிய இடம் இல்லை. அவர்களுடைய சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்) விளாடே டிவாட்ஸ், நல்ல ஆட்டக்காரர், ரசிகர்களுக்குப் பிடித்தவர். ஷகீலும் சென்டர். ஆகவே டிவாட்ஸை அனுப்பினால் சம்பளமும் இறங்கும், இடமும் காலியாகும். வாங்கும் அணி பதிலுக்குச் சம்பளம் அனுப்பக் கூடாது, அதுதான் சிக்கல். ட்ராஃப்ட் உரிமையோடு பெரிய சம்பளம் எதுவும் வராது. சார்லட் அணியிடம் 13வது தெரிவு இருந்தது. வெஸ்ட் அந்தத் தெரிவில் யாரை எடுக்க வேண்டும் என்று சொன்னார்: கோபி பிரயன்ட், வயது 17, பாடசாலையிலிருந்து நேரே வருகிற பையன். ஓய்வு பெற்றிருந்த மைக்கல் கூப்பருக்கு எதிராக அவனை ஆட வைத்து முன்னமே பார்த்திருந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட வயது போதாததால் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டி வந்தது.

நடுவில் காரியம் கெடப் பார்த்தது. சார்லட் போவதை விட ஆட்டத்தையே விட்டுவிடுகிறேன் என்று டிவாட்ஸ் நின்றார். அவர் போகாவிட்டால் கோபியும் இல்லை, ஷகீலுக்கு இடமும் இல்லை. பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். அதற்குப் பிறகும் தொகை போதவில்லை. அன்டனி பீலரையும் ஜோர்ஜ் லின்ச்சையும் வன்கூவருக்குத் தள்ளிவிட்டார்கள். பதிலுக்கு ஆள் எவரும் வரவில்லை. அந்த இரண்டு பேரின் சம்பளமும் கணக்கிலிருந்து இறங்கிய பிறகுதான் ஜூலை 18 அன்று ஷகீல் ஏழு வருடம், 120 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார்.

கதை இங்கே முடிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அடுத்த மூன்று வருடமும் பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் தொடர்களில் லேக்கர்ஸ் தோற்றது. 1997 இல் யூட்டாவிடம் 4-1. 1998 இல் அதே யூட்டாவிடம் 4-0. 1999 இல் சான் அன்டோனியோவிடம் 4-0. இரண்டு பெரிய ஆட்கள் இருந்தும் இப்படி. இந்த இடத்தில் அவசரக்காரன் கோபியை விற்றிருப்பான். வெஸ்ட் சுற்றி நிற்கிறவர்களை மாற்றினார். 1997 ஜனவரியில் ரொபர்ட் ஹோரி வந்தார், அந்தக் கோடையில் ரிக் ஃபொக்ஸ். கோபி வந்த அதே ட்ராஃப்டில் 24வது தெரிவாக டெரெக் ஃபிஷர் ஏற்கனவே உள்ளே இருந்தார். 1998 இல் நிக் வான் எக்ஸல் வெளியே. 1999 இல் எடி ஜோன்ஸைக் கொடுத்து க்ளென் ரைஸ். எடி ஜோன்ஸ் கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் நின்ற இடத்தில்தான் கோபி நிற்க வேண்டியிருந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு நல்ல ஆட்கள் என்றால் ஒருவரின் நிமிடம் வீணாகும். கடைசியில் பயிற்றுவிப்பாளராக ஃபில் ஜக்சன். 1999-2000 பருவத்தில் 67 வெற்றி, 15 தோல்வி, கிண்ணம். 2001, 2002 இலும் கிண்ணம். வெஸ்ட் 2000 கோடையிலேயே வேலையை விட்டுவிட்டார். அவர் போட்ட பந்தலில் மற்ற இரண்டு கல்யாணமும் நடந்தது.

நிமிடக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் இதைக் கணக்கில் எடுக்காமல்தான் நட்சத்திரங்களைக் குவித்த அணிகள் கவிழ்கின்றன. ஒரு ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐவர், ஆக மொத்தம் 240. முதல் ஐவருக்கு ஆளுக்கு 35 கொடுத்தால் 175 போய்விடும். மீதி 65. அதை நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 16 சொச்சம். பட்டியலில் 15 பேர் இருந்தாலும் முக்கியமான ஆட்டங்களில் எட்டு ஒன்பது பேருக்குத்தான் வேலை. ஆகவே ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆளை எடுக்கும்போது ‘இவன் எவ்வளவு புள்ளி எடுப்பான்’ என்று கேட்பது பிழை. பந்து கையில் இல்லாத 16 நிமிடத்தில் இவன் என்ன செய்வான் என்பதே கேள்வி. ஹோரியும் கருசோவும் அந்தக் கேள்விக்கான பதில்கள்.

பணத்தின் விதிகள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகின்றன, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2025-26 பருவத்துக்குச் சம்பள எல்லை 154.647 மில்லியன் டொலர். சொந்த வீரரை மீண்டும் ஒப்பந்தம் செய்ய இந்த எல்லையைத் தாண்டலாம். பழைய ஆட்டக்காரர் லரி பேர்ட்டின் பெயரால் அழைக்கப்படும் விதி அது. 187.895 மில்லியனைத் தாண்டினால் ஆடம்பர வரி. அதற்கும் மேலே ‘ஏப்ரன்’ என்று இரண்டு கோடு: 195.945 இல் முதலாவது, 207.824 இல் இரண்டாவது. லீக்கும் வீரர் சங்கமும் 2023 இல் செய்த ஒப்பந்தத்தோடு வந்த இந்த இரண்டாவது கோடுதான் இப்போது எல்லோரையும் ஆட்டிப்படைக்கிறது. வரி என்றால் பணக்கார உரிமையாளர் கட்டிவிட்டுப் போவார். இது கையையே கட்டுகிறது. உதாரணமாக, கோட்டுக்கு மேலே நிற்கும் அணி பத்துப் பத்து மில்லியன் வாங்கும் மூவரைச் சேர்த்துக் கட்டி, 30 மில்லியன் வாங்கும் ஒருவரை எடுக்க முடியாது. ட்ரேடில், அதாவது அணிகள் ஆள் மாற்றிக்கொள்ளும் பேரத்தில், பணமும் கொடுக்க முடியாது. ஏழு வருடம் தள்ளி இருக்கும் முதல் சுற்று உரிமையும் உறைந்துவிடும்.

பொஸ்டனில் இதன் விளைவு தெரிந்தது. 2024 இல் கிண்ணம் வென்ற அணியிலிருந்து அடுத்த வருடமே ஜ்ரூ ஹொலிடே, கிரிஸ்டப்ஸ் போர்சிங்கிஸ் இருவரையும் வெளியே அனுப்பினார்கள். இருவரும் மோசமாக ஆடியதால் அல்ல. ஜேசன் டேட்டம் குதிநாண் அறுந்து படுத்த வருடத்தில் அவ்வளவு செலவோடு அந்தக் கோட்டுக்கு மேலே நிற்பதில் அர்த்தமில்லை என்பதால்.

ஆக, மலிவான ஒப்பந்தம்தான் தங்கம். முதல் சுற்றில் எடுத்த இளைஞனின் சம்பளம் நான்கு வருடத்துக்கு அட்டவணைப்படி நிர்ணயமானது. அந்த நான்கு வருடத்துக்குள் அவன் நட்சத்திரமாகிவிட்டால் மீதிப் பணத்தில் அவனைச் சுற்றி நிற்க நல்ல ஆட்களைச் சேர்க்கலாம். 2025 இல் ஹோம்கிரனும் வில்லியம்ஸும் அந்த அட்டவணைச் சம்பளத்தில்தான் இருந்தார்கள். ஹார்ட்டன்ஸ்டைனின் 87 மில்லியன் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை அதுதான். இருவருடைய பெரிய ஒப்பந்தமும் 2026-27 இலிருந்து கணக்கில் ஏறும். அதற்கு முன்னமே பிரெஸ்டி கையில் உரிமைகளைக் குவித்து வைத்திருப்பது ஆசையால் அல்ல. நாளை ஹார்ட்டன்ஸ்டைன் போன்றவரைப் பிடித்து வைக்கப் பணம் போதாத நாளில், அதே வேலையை மலிவாகச் செய்ய ஒரு பையன் தேவைப்படுவான்.

நட்சத்திரமே இல்லாமல் வென்ற அணியைப் பார்க்க வேண்டுமென்றால் 2004 டெட்ரொய்ட். ஜோ டூமார்ஸ் 2000 இல் பொறுப்பேற்ற கையோடு பெரிய அடி: கிராண்ட் ஹில் ஒர்லாண்டோவுக்குப் போக முடிவெடுத்துவிட்டார். சும்மா போக விடாமல், ஒப்பந்தம் எழுதி ட்ரேடாக அனுப்பி, பதிலுக்குச் சக்கி அட்கின்ஸையும் பென் வொலஸையும் வாங்கினார். வொலஸ் ட்ராஃப்டில் எவரும் எடுக்காத ஆள். ஹில் கணுக்கால் காயத்தால் ஒர்லாண்டோவில் முதல் மூன்று பருவத்திலும் சேர்த்து ஆடியது 47 ஆட்டம். 2002 இல் அணியின் அதிகப் புள்ளிக்காரர் ஜெரி ஸ்டக்ஹவுஸைக் கொடுத்து ரிச்சர்ட் ஹமில்டன். அதே கோடையில், பல அணிகள் கைமாறி வந்த சோன்சி பிலப்ஸ். அதே வருட ட்ராஃப்டில் 23வது தெரிவாக டெய்ஷோன் பிரின்ஸ். 2004 பெப்ரவரியில், ட்ரேட் கதவு மூடும் நேரத்தில் ரஷீத் வொலஸ். இறுதியில் ஷகீலும் கோபியும் இருந்த லேக்கர்ஸை 4-1 என்று சாய்த்தார்கள்.

அதே டூமார்ஸ்தான் 2003 ட்ராஃப்டில் இரண்டாவது தெரிவாக டார்கோ மிலிசிச்சை எடுத்தார். அவருக்கு அடுத்து வரிசையாகப் போனவர்கள் கார்மெலோ அன்டனி, கிரிஸ் பொஷ், ட்வெய்ன் வேட். இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் அதிகம். என் கணக்கில் அந்தப் பிழை டெட்ரொய்ட்டை அந்த வருடம் கவிழ்க்காததுதான் கவனிக்க வேண்டியது. அணி ஏற்கனவே ஐந்து இடமும் நிரம்பி நின்றது. பிழை பின்னால் உறைத்தது. அந்த ஐவரும் வயதாகி இறங்கியபோது அடுத்த வரிசையில் எவருமில்லை.

அவசரத்தின் விலையை அறிய 2013 புரூக்ளினைப் பார்த்தால் போதும். பொஸ்டனிலிருந்து 37 வயதுக் கெவின் கார்னெட்டையும் 35 வயதுப் போல் பியர்ஸையும் வாங்க 2014, 2016, 2018 முதல் சுற்று உரிமைகளையும் 2017 இல் இடமாற்று உரிமையையும் கொடுத்தார்கள். ஏன் ஒன்று விட்டு ஒரு வருடம்? அடுத்தடுத்த இரு வருட முதல் சுற்று உரிமைகளை விற்கக் கூடாது என்றொரு விதி உண்டு. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் உரிமைகளை வாரி இறைத்ததால் அவர் பெயரிலேயே வந்த விதி. இடமாற்று உரிமை அந்த விதியின் இடுக்கில் நுழையும் வழி. புரூக்ளின் 2016 இல் 21 வெற்றி, 2017 இல் 20 வெற்றி என்று விழுந்தது. விழுந்ததன் பயன் முழுவதும் பொஸ்டனுக்கு: 2016 இல் ஜெய்லன் பிரவுன். 2017 இல் முதல் தெரிவே கிடைத்தது, அதைப் பிலடெல்பியாவிடம் கொடுத்து மூன்றாவதுக்கு இறங்கி, அங்கேயும் தான் விரும்பிய டேட்டத்தையே எடுத்தார் டனி எய்ஞ்ச். இறங்கியதற்குக் கூலியாக இன்னொரு முதல் சுற்று உரிமையும் வாங்கினார். 2024 கிண்ணத்தின் இரண்டு தூண்களும் பதினொரு வருடத்துக்கு முந்திய அந்த ஒரு பேரத்தில் நட்டவை. கிண்ணம் வந்தபோது எய்ஞ்ச் அங்கே இல்லை. அவர் இடத்தில் பிரட் ஸ்டீவன்ஸ் இருந்தார்.

எய்ஞ்ச் அதே கார்னெட்டை 2007 இல் வாங்கியபோது ஐந்து வீரர், இரண்டு முதல் சுற்று உரிமை என்று கொடுத்திருந்தார். புரூக்ளின் செய்ததும் அதுதானே என்று கேட்கலாம். வித்தியாசம் வயது: அப்போது கார்னெட்டுக்கு 31. ரஜோன் ரொண்டோவையும் கென்ட்ரிக் பெர்கின்ஸையும் கொடுக்காமல் வைத்துக்கொண்டது இன்னொரு வித்தியாசம். முந்திய பருவத்தில் 24 வெற்றி, அந்தப் பருவத்தில் 66.

முழுதாக அழித்துத் திரும்பக் கட்டுவதைப் பற்றி மலையகத்தில் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவருக்குத் தெரியும். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் மட்டம் உயர்ந்து கொழுந்து கைக்கு எட்டாது, விளைச்சலும் விழும். வெட்டினால் சில மாதம் அந்த மலையில் வருமானம் இல்லை. உயர்ந்த மலைகளில் செடிக்கு ஒன்றிரண்டு கிளையை வெட்டாமல் விடுவார்கள், செடி மூச்சுவிட. எல்லாக் கிளையையும் வழித்தால், வேரில் சேமிப்பு இல்லாத செடி திரும்பத் துளிர்க்காது.

பிலடெல்பியா 2013 இலிருந்து வழித்தது. மூன்று பருவத்தில் 19, 18, 10 வெற்றி. எடுத்த உயர்ந்த தெரிவுகளில் மூன்று பேர் ஒரே இடத்துக்காரர்கள்: நெர்லன்ஸ் நோயல், ஜோயல் எம்பீட், ஜலீல் ஒக்கஃபோர், மூவரும் சென்டர். பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க மூத்த ஆட்டக்காரர் பக்கத்தில் அதிகம் இல்லை. முகாமையாளர் சாம் ஹிங்கி 2016 ஏப்ரலில் விலகினார். கிண்ணம் வரவில்லை. ஒக்லஹோமாவும் தோற்றது, 2020-21 இல் 22 வெற்றி, அடுத்த பருவத்தில் 24. ஆனால் ஷே என்ற கிளை வெட்டப்படவில்லை, பிறகு வந்த ஒவ்வொருவரும் அவரோடு ஆடத் தெரிந்தவரா என்று பார்த்தே எடுக்கப்பட்டார்கள். அங்கிருந்து 40, 57, 68 என்று ஏறினார்கள்.

பிரியமானவரை அனுப்பும் தைரியம் தனிப் படிப்பு. மசாய் உஜிரி 2018 இல் 59 வெற்றி எடுத்த டொரன்டோவின் பயிற்றுவிப்பாளரை நீக்கினார். அதே கோடையில் நீக்கப்பட்டவருக்குத்தான் ஆண்டின் சிறந்த பயிற்றுவிப்பாளர் விருதும் கிடைத்தது. பிறகு ஊரே கொண்டாடிய டெமார் டிரோசனைக் கொடுத்து, ஒரே வருட ஒப்பந்தம் மீதமிருந்த, முந்திய பருவத்தில் ஒன்பதே ஆட்டம் ஆடிய கவாய் லெனர்ட்டை வாங்கினார். 2019 இல் கிண்ணம், லெனர்ட் அந்தக் கோடையிலேயே போய்விட்டார். பேரம் சரிதானா என்று இன்னும் வாதிடுகிறார்கள். ஒரு கிண்ணம் கையில் இருக்கும்போது அதில் வாதிட என்ன இருக்கிறதோ!

நம் பக்கப் பாடசாலை அணிக்குச் சம்பள எல்லை கிடையாது. ஆனால் ஒப்பந்தம் முடியும் நாள் உண்டு: சாதாரண தரம், உயர்தரம். பரீட்சை முடிந்த கையோடு கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்களும் அதில் அடக்கம். ஒரு கொப்பியில் 12 பேரை எழுதி, பெயருக்கு நேரே பிறந்த வருடம், உயரம், ஆடும் இடம், கடைசிப் பரீட்சை வருடம் என்று நான்கு கோடு போட்டால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். முதல் எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு ஒரே வருடம் விழுந்தால், அந்த வருடத்துக்குப் பிறகு அணி இல்லை. சர்வதேச விதியில் ஆட்டம் 40 நிமிடம், அணிக்கு 200. அதில் 20 நிமிடத்தை இரண்டு சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி வைத்தால் கைவசம் ட்ராஃப்ட் உரிமை இருக்கிற மாதிரி. தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் கொடுப்பது அந்த ஒதுக்கீட்டில் சேராது.

எவரும் எடுக்காத ஆட்களும் நம் மைதானங்களில்தான் நிற்கிறார்கள். வலைப்பந்து ஆடும் பிள்ளைக்குப் பந்தோடு ஓட அனுமதி இல்லாததால், பிடித்த காலை ஊன்றி மற்றக் காலால் திரும்பும் பழக்கம் உடம்பிலேயே இருக்கும். கூடைப்பந்தில் புதியவர்கள் அதிகம் செய்யும் நடைத் தவறு அவளிடம் குறைவு. இல்லாதது பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது. கரப்பந்து ஆடும் பையனுக்கு எகிறும் நேரம் சரியாக விழும், ரீபவுண்டுக்கு, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதுதான் வேண்டும். ஆனால் பந்தைத் தட்டிவிடவே கை போகும், இரு கையாலும் இறுக்கிப் பிடித்து நெஞ்சுக்கு இறக்க மாட்டான். முன்னவளுக்கு நாளுக்கு 15 நிமிடம் இடது கைத் தட்டல், பின்னவனுக்கு சுவரில் எறிந்து எகிறிப் பிடிப்பது 40 தடவை. மழை நாளில் சீமெந்துத் தரை வழுக்கும், வகுப்பறை விறாந்தையிலும் இது இரண்டையும் செய்யலாம்.